ஒத்துக்கொண்ட தொகை

வீடோ கடையோ வண்டியோ, எதைக் காட்டினாலும் ஒரு விலை சொல்லிவிடுவேன். இருபத்திரண்டு வருஷமாக இன்ஷூரன்ஸ் விற்கிறவளுக்கு அதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? அந்தத் திமிர் எனக்கு உண்டு. அனுபவம் என்றுதான் முன்பெல்லாம் சொல்லிக்கொள்வேன். இப்போது வாய் வரவில்லை, திமிர் என்றே இருக்கட்டும்.

அண்ணனுடைய காருக்குப் பாலிசி முடிய ஒரு மாதம் இருந்தது. எங்கள் அப்பா ஓட்டிய கார். நாற்பத்தெட்டு வயது, எனக்கு மூன்று வயது இளையது. சாதாரண வண்டிக்கு வருஷா வருஷம் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். இந்த மாதிரி அபூர்வமான பழைய கார்களுக்குத் தனியாக ஒரு பாலிசி இருக்கிறது. மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார், கம்பெனியும் சொந்தக்காரரும் ஒரு தொகையை முன்கூட்டியே ஒத்துக்கொள்வார்கள். வண்டி எரிந்தாலும் திருடு போனாலும் பேரம் கிடையாது, அந்தத் தொகை அப்படியே கைக்கு வரும். இந்த வருஷம் அதைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். எவ்வளவுக்குப் போடலாம் என்று மூன்று தடவை அண்ணனுக்குப் போன் செய்தேன். மூன்று தடவையும் "பாக்கலாம்" என்றான். லிஃப்ட் மெக்கானிக் அவன். வாழ்நாளில் பாதியை இரண்டு மாடிகளுக்கு நடுவில் தனியாக நின்று கழித்தவன். சரியான கல்லுளிமங்கன். அவனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு நாக்குத் தள்ளிவிடும்.

அவனுக்கும் சேர்த்து அண்ணி பேசுவாள். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. அச்சில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடிப்பாள், நான் பேசுகிற பேச்சிலும் பிடிப்பாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பிரீமியம் வந்தாச்சு, பர்ஸை ஒளிச்சு வைங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். பத்து வருஷத்துக்கு முன்னால் அச்சகத்து மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாதமே ஒன்று சொல்லிவிட்டாள். தெருவே பார்க்கத் தன்னைக் குழந்தை மாதிரி தூக்கிக் காரில் வைக்கக் கூடாது.  அண்ணன் ஒரு வருஷம் கார் ஷெட்டுக்குள்ளேயே கிடந்தான். முன்னாலிருந்த நீள சீட்டை எடுத்துவிட்டு, வெளிப்பக்கம் திரும்புகிற தனி சீட் வைத்தான். கதவு முழுக்கத் திறக்கும்படி கீல்களை மாற்றினான். கிளட்ச் மிதிக்கிற வேலையே இல்லாமல், வேறு வண்டியின் தானியங்கி கியர்பெட்டியைக் கொண்டுவந்து பொருத்தினான். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு லீவர் வைத்தான். தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். அந்த லீவரை மட்டும் பதினோரு தடவை செய்தான். அவளுடைய கைக்கு எட்ட வேண்டும், மணிக்கட்டு வலிக்கக் கூடாது, அதுதான் அளவு.

அண்ணி முதன்முதலாகத் தனியே ஓட்டிப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன் என்று போனவள் இரண்டு மணி நேரமாகியும் வரவில்லை. அண்ணன் கேட்டைப் பிடித்தபடி நின்றான். பைத்தியக்காரா, ஒரு பொம்பளையைச் சாக அனுப்பிவிட்டாயே என்று நான் அவனைக் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தேன். அப்போது கார் வந்தது. ஜன்னல் வழியாக ஒரு விளக்குமாறு நீட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரனை வண்டிக்குப் பக்கத்தில் வரவழைத்து, பேரம் பேசி, தானே வாங்கினாளாம். ஒரு விளக்குமாற்றுக்காக அன்று மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அவள்தான் ஓட்டினாள்.

நான்கு மாதம் முன்பு காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஆறே நாள். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

மதிப்பீட்டாளர் ஒரு காலை நேரத்தில் வந்தார். தங்கமான மனிதர், என் தொழில்வட்டத்தில் பழக்கம். காரின் நான்கு பக்கமும் படம் எடுத்தார், இன்ஜினைப் பார்த்தார், உள்ளே குனிந்தார். குனிந்தவர் முகம் மாறிவிட்டது. மாற்றங்கள் என்ற தலைப்பில் எழுதத் தொடங்கினார், எழுதிக்கொண்டே போனார். சீட், கீல், கியர்பெட்டி, லீவர், பின்னால் சக்கர நாற்காலி மாட்டுகிற கொக்கி என்று எட்டு வரி வந்தது. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பழையபடி இருந்தால் பன்னிரண்டு லட்சம் வரை போகும், இந்த நிலையில் மூன்றரைக்கு மேல் கம்பெனி தாண்டாது என்றார். செய்த செலவெல்லாம் மதிப்பாகாதாம். வாங்குகிறவன் முதல் வேலையாக எதைக் கழற்றி எறிவானோ அது கழிவுதானாம்.

நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று அவர் அண்ணனிடமும் கேட்டார். அண்ணன் காரைப் பார்த்தபடியே சொன்னான்.

"இதே மாதிரி இன்னொண்ணு செய்ய எவ்வளவு ஆகுமோ, அவ்வளவு."

அப்படி ஒரு கணக்கு எந்த விண்ணப்பப் பாரத்திலும் இல்லை. மதிப்பீட்டாளர் மரியாதையாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றரை! அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாலிஷ் போட்ட காருக்கு மூன்றரை லட்சமா? என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இத்தனைக்கும் கழற்றிய பழைய பாகங்கள் ஒன்றுவிடாமல் ஷெட்டில் இருந்தன. போர்வையில் சுற்றி, எது எங்கே மாட்ட வேண்டியது என்று அண்ணியே தன் மணியான கையெழுத்தில் சீட்டு எழுதி ஒட்டியிருந்தாள். எழுதும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். நான் கண்ணை மூடியதும் இதையெல்லாம் பழையபடி மாட்டிவிட வேண்டும், உங்க அண்ணன் இதைக் கட்டிக்கொண்டு அழுவார், நீதான் விடாப்பிடியாக நின்று செய்ய வேண்டும் என்றாள். சும்மா இருங்கள் அண்ணி என்று அவள் வாயை அடைத்தேன். ஆனால் அந்தப் பேச்சு என் மனதில் அப்படியே இருந்தது.

அடுத்த வாரமே அண்ணன் வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டை மாற்றப் பத்து நாள் போனான். அவன் வீட்டின் மாற்றுச் சாவி என்னிடம் எப்போதும் இருக்கும். சொன்னால் கேட்க மாட்டான், செய்து காட்டினால் புரிந்துகொள்வான், என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு என்றைக்குத் தப்பியிருக்கிறது? எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர், ஸ்பேனர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், அவருடைய பட்டறைக்குக் காரையும் பாகங்களையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அண்ணனிடம் கேட்டாயிற்றா என்று அவர் ஒருமுறை கேட்டார். என்னிடம் கேட்பதும் அவனிடம் கேட்பதும் ஒன்றுதான் என்று எரிந்து விழுந்தேன். மனிதர் சாவியை வாங்கிக்கொண்டார்.

ஒன்பதே நாளில் முடித்துக் கொடுத்தார். நீள சீட்டு பழைய இடத்தில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்து, அதை ஒருமுறை தடவிப் பார்த்தேன். மதிப்பீட்டாளர் மறுபடி வந்து, பாரத்தில் தன் பகுதியை நிரப்பி, பதினொன்றரை லட்சம் என்று எழுதிக் கொடுத்தார். காரை என் ஆபீஸ் வாசலில் நிறுத்தி, துடைத்து, பாரத்தின் மிச்சத்தையும் நிரப்பித் தயாராக வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து வருகிற அண்ணனை நேரே ஆபீசுக்கு வரச் சொன்னேன். பரிசு கொடுக்கிற குஷி எனக்கு.

தோளில் பையோடு வந்தான். காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தான். ஒரு கை ஸ்டீயரிங்கைப் பிடித்தது. இன்னொரு கை அதற்குக் கீழே போய், அங்கே ஒன்றும் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. உட்கார்ந்தபின்தான் என்ன நடந்திருக்கிறது என்று அவனுக்கு முழுசாக உறைத்தது என்று நினைக்கிறேன். நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று பதினொன்றரை, பதினொன்றரை என்று இரண்டு தடவை சொன்னேன்.

"லீவர் எங்க?"

மற்றதெல்லாம் பட்டறையில் பத்திரமாக இருக்கிறது என்றேன். லீவர் எங்கே என்று மறுபடியும் அதே குரலில் கேட்டான். ஸ்பேனருக்குப் போன் போட்டேன். லீவரின் அடிப்பாகம் ஸ்டீயரிங் தண்டோடு பற்றவைத்திருந்ததாம். கழற்ற வரவில்லை, கேஸ் வைத்து மூன்று துண்டாக அறுத்தாராம். அறுத்தது எதற்கு உதவும் என்று மற்ற இரும்போடு பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டாராம்.

ஓடினேன். நாற்பது வயது தாண்டியபின் நான் ஓடியதே கிடையாது, அன்று ஓடினேன். கடைக்காரர், போன வாரச் சரக்கு நேற்றே உருக்காலைக்கு லாரி ஏறிவிட்டது என்றார். நான் நம்பவில்லை. குவியலில் இறங்கி, நசுங்கிய டப்பாக்களையும் சைக்கிள் சட்டங்களையும் புரட்டினேன். என்னம்மா, தங்கமா தொலைச்சீங்க என்று கேட்டுவிட்டு, பாவம், அவரும் கூடச் சேர்ந்து தேடினார். நகமெல்லாம் கிழிந்ததுதான் மிச்சம்.

திரும்பி வந்தபோது அண்ணன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். கைக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை, என் கையைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

"அண்ணிதான் சொன்னாங்கண்ணா, எல்லாத்தையும் பழையபடி மாட்டச் சொல்லி."

"எங்கிட்டயும் சொன்னா. நான் சரின்னு சொல்லலையே."

பிறகு அவனாகவே பேசினான். என் வாழ்க்கையில் அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"நாலு மாசமா நான் பெடலைத் தொடல. அவ புடிச்ச மாதிரியேதான் ஓட்டினேன். பிடி ரப்பர்ல அவ கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு குழி விழுந்திருந்தது. ஓட்டறப்ப என் விரல் அதுல போய் உக்காந்துக்கும். அவ கைமேல கை வச்சிருக்கற மாதிரி இருக்கும். வேற ஒண்ணுமில்ல, அதுக்குத்தான் கார்ல போயிட்டிருந்தேன்."

எனக்குத் தெரியாது. சத்தியமாக எனக்குத் தெரியாது. நல்ல கால் இரண்டை வைத்துக்கொண்டு ஒருத்தன் கையால் ஓட்டுவான் என்று யாருக்குத் தோன்றும்? மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. நடுத்தெருவில், ஆபீஸ் ஜன்னலிலிருந்து எல்லோரும் பார்க்க, ஓவென்று அழுதேன். அவன் என் முதுகைத் தட்டிக் கொடுத்தான். உன்மேல் கோபமில்லை என்றான். கோபப்பட்டிருக்கலாம். நான்கு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி, பிறகு எப்போதும் போல் சமாதானமாகியிருப்போம்.

உள்ளே வந்தோம். பாரம் மேசைமேல் இருந்தது. நான் அதை எடுத்து மறைப்பதற்குள் அவன் கையில் எடுத்துவிட்டான். ஒவ்வொரு வரியாகப் படித்தான். வண்டியில் செய்த மாற்றங்கள் என்ற கேள்விக்கு நேரே மதிப்பீட்டாளர் "இல்லை" என்று எழுதியிருந்தார். அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டான். அடுத்த வரிக்குப் போக அவனுக்கு நெடுநேரமாயிற்று.

"வேற பாரம் குடு. ரோட்டுல அடுத்தவங்க மேல இடிச்சா அவங்களுக்குப் பணம் போகணுமே, அது மட்டும் இருந்தாப் போதும்."

"காருக்கு?"

"இது போனா எனக்கென்ன நஷ்டம்?"

யாராவது அப்படிப் பாலிசி எடுக்க வந்தால் அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசி மனதை மாற்றி அனுப்புகிறவள் நான். அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. புதுப் பாரம் எடுத்து, பெயர், முகவரி, வண்டி எண் எல்லாம் எழுதினேன். சொந்த வண்டிக்கான தொகை என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.

அண்ணன் அதைச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டான், மேசையிலிருந்த கார் சாவியை எடுக்காமலே பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்தான். நான் பின்னால் வாசல் வரை போனேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.