வடிகட்டியை யார் கழுவுவது?

“அப்பா, இந்த வடிகட்டிய இன்னிக்கு நீங்க கழுவுங்க.”

அப்பாவிடம் எச்சிலைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவே கூடாது என்று சின்ன வயதிலிருந்து அம்மா சொல்லி வைத்திருந்தாள். சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போகிறவர் அவர். ரந்தாவ் ஊரில் எங்கள் தாமான் குடியிருப்பின் முனியாண்டி கோயிலில் திருநீறு கொடுப்பவர். அவர் முகத்துக்கு நேரே, பாத்திரம் கழுவும் மெஷினின் வடிகட்டியைச் சொட்டச் சொட்ட நீட்டினேன்.

அண்ணன் மகேந்திரன் சிரித்தான். “யூனிவர்சிட்டியில இதான் சொல்லிக் குடுத்தாங்களா? பொம்பளை வேலை லா அது.”

“இதுல கெடக்குற நெத்திலித் தலைய மென்னு போட்டது யாருண்ணே? பொம்பளையா?”

மெஷினை வாங்கியது நான். அம்மாவுக்கு மணிக்கட்டில் அறுவை சிகிச்சை. தையல் பிரிக்கும்வரை கை நனையக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மெஷின் கேட்பதும் அதிகமில்லை. தட்டில் மிச்சமிருப்பதைக் குப்பையில் தட்டிவிட்டு அடுக்க வேண்டும். அடியிலிருக்கும் வடிகட்டியைத் திருகி எடுத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தண்ணீர் பீய்ச்சும் துளைகளில் தாளிப்புக் கடுகு போய் அடைத்துக்கொண்டால் பல்குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். வார நாட்களில் நான் செனாவாங் டவுனில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறவள். அதனால் இரண்டு ஆண்களுக்கும் செய்து காட்டிவிட்டுத்தான் போனேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

நேற்று வந்து திறந்து பார்த்தால் வடிகட்டி பளிச்சென்று இருந்தது. சந்தோஷப்பட்டேன், மடச்சி. அப்புறம்தான் அம்மாவின் கட்டு ஈரமாக இருப்பதைப் பார்த்தேன். பிரித்தால், தையல் போட்ட இடம் வீங்கிச் சிவந்திருந்தது.

“மெஷின்ல அழுக்கு சேந்தா அவங்களா கழுவப் போறாங்க? அதான் பின்னால கொழாய்ல எல்லாத்தையும் நல்லா தேச்சிட்டு உள்ள வெச்சேன்” என்றாள் அம்மா.

கழுவிய பாத்திரத்தைத்தான் மெஷின் வாரம் முழுக்கக் கழுவியிருக்கிறது.

நேற்றிரவிலிருந்து அம்மாவைக் குழாய்ப் பக்கம் விடவில்லை. ஆண்கள் இருவரும் எலும்பும் சோறுமாகத் தட்டை மெஷினில் திணித்தார்கள். இன்று மத்தியானம் தண்ணீர் வடியாமல் மெஷின் நின்றுவிட்டது.

“திருநீறு குடுக்குற கைடி இது. எச்சியில விடச் சொல்றியா?” என்றார் அப்பா.

“ஊரான் எச்சி இல்லப்பா, உங்க எச்சிதான். அம்மா கை வீங்கிக் கெடக்கு, பாத்தீங்களா?”

“நாலெழுத்து படிச்சிட்டா அப்பனையே வேலை வாங்குவியா?”

“ஆமா.”

அவர் என்னைப் பார்க்காமல் சமையலறைப் பக்கம் திரும்பினார். “புஷ்பவள்ளி! வந்து இத வாங்கிக் கழுவு.”

அம்மா வந்தாள். பழக்கம், கை தானாக நீண்டது. நான் வடிகட்டியைக் கொடுக்கவில்லை. அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் மேசையிலேயே வைத்தேன்.

“கழுவுனா ஓடும். இல்லாட்டி நாறும். ஒங்க இஷ்டம்.”

அம்மாவின் துணிப்பை காலையிலேயே என் காரில் ஏறிவிட்டிருந்தது. ‘கழுவச் சொல்லி அப்பாவிடம் ஒரு தடவை கேட்கிறேன், மாட்டேன் என்றால் கை ஆறும்வரை என்னோடு வந்துவிடு’ என்று சொல்லியிருந்தேன். “அவரு செய்ய மாட்டாரும்மா” என்று சொல்லிக்கொண்டேதான் அம்மா சேலையை மடித்தாள்.

“அம்மா, செருப்பப் போடு.”

மகேந்திரன் எழுந்தே விட்டான். “ஏய், அம்மாவ எங்க கூட்டிட்டுப் போற? எங்களுக்கு யாரு லா ஆக்கிப் போடுவா?”

“ரெண்டு பேருக்கும் கை நல்லாத்தானே இருக்கு?”

“என்னங்க, கொழம்பு ஃப்ரிட்ஜ்ல...” என்று அம்மா ஆரம்பித்தாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா செருப்பை மாட்டினாள்.

“போனா ரெண்டு பேரும் இந்த வாசல மிதிக்கக் கூடாது!” என்று அப்பா கத்தினார்.

அம்மாவை முன்னால் நடக்கவிட்டு வெளியே இறங்கினேன்.