இடம் மாறுகிற மலை

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து கேஜ் லிஃப்டில் மேலே வரும் காலைகளில் ஏனோக்குக்குக் கிழக்கே ஒரு நீல மலை தெரியும். வெயில் ஏறியதும் காணாமல் போய்விடும். மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் யாருக்கும் அதன் பெயர் தெரியாது.

சுரங்கத்துக்குள் பாறை வெடித்து மேலே பூமி ஆடுவது அங்கே புதிதல்ல. ஆனால் போன மாதம் பக்கத்து வீட்டுச் சுவர் விழுந்ததிலிருந்து அவன் மனைவி ஃப்ளோராவுக்குத் தூக்கமே இல்லை. ஆட்டம் வருவது நாய்க்கு முன்கூட்டியே தெரியும் என்று தொழிலாளர் லைன் வீடுகளில் எல்லாரும் நம்பினார்கள். வீட்டு நாய் ஜாக்கி காதைத் தூக்கினால் போதும், ஃப்ளோரா வாசலுக்கு ஓடிவிடுவாள். நாய் காதைத் தூக்காத நேரம்தான் ஏது?

"ஆடாத தரையில ஒரு நாளாவது தூங்கணும். இல்லன்னா குடியாத்தத்துக்கு, எங்கம்மா ஊட்டுக்கே போயிடறேன்," என்றாள்.

எட்டாயிரம் அடி ஆழத்தில் வேலை செய்கிறவனுக்கே பயமில்லை, அடுப்படியில் இருக்கிறவளுக்கு என்ன பயமாம் என்று ஏனோக் சிரித்தான். ஆனாலும் அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டம் போட்டுவிட்டு, அந்த நீல மலைக்குப் போக மளிகைக்கடை நாகேஷின் வேனை இரவல் வாங்கினான். வேன் முழுக்க மிளகாய் நெடி. ஜாக்கி ஃப்ளோராவின் மடியில். மலை இடப்பக்கம் இருந்தது. ஒரு வளைவு திரும்பினால் வலப்பக்கம். வழி விசாரித்தால் தெலுங்குக்காரர்கள் ஒவ்வொரு ஊரிலும் மலைக்கு ஒவ்வொரு பெயர் சொன்னார்கள்.

"நம்மளப் பாத்துட்டு நவுருதுங்க," என்று ஃப்ளோரா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

மதியம்தான் மேலே போய்ச் சேர்ந்தார்கள். பாறைமேல் மேகத்தின் நிழல் மெல்ல ஊர்ந்தது. ஜாக்கி காதை மடக்கிப் படுத்தது. ஃப்ளோரா உள்ளங்கையைப் பாறையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். "ஆடலங்க," என்றவள் அப்படியே தூங்கிப்போனாள். ஏனோக்கும் பக்கத்தில் சாய்ந்தான். மலையே மிதப்பதுபோல் இருந்தது.

ஜாக்கி காதைத் தூக்கியது.

அடுத்த கணம் ஏனோக் ஃப்ளோராவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். "வெளிய வா! வெளிய வா!"

புல்வெளியில்தான் நின்றான். தலைக்குமேல் கூரையும் இல்லை, சுவரும் இல்லை, வெறும் வானம். ஜாக்கி நாலு ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் இன்னும் அவள் கையை விடவில்லை. ஃப்ளோரா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாங்க, உங்களுக்கும் பயமா?"

அவனுக்கு அழுகைதான் வந்தது. அவள் உட்கார்ந்து, அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"குடியாத்தத்துக்குப் போனா ரெண்டு பேருமாப் போலாம். இப்பத் தூங்குங்க. நாய நான் பாத்துக்கறேன்."