சில்வாவுக்கு ஒரு குடம் தண்ணீர்

எங்கள் ஊரில் குடும்பப்பெயர்களைக் கோயில் அலுவலகத்து மரப்பீரோவில் வைத்திருப்பார்கள். கல்யாணம் என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். என் கல்யாணத்துக்கு என்னுடையது அங்கே இல்லை.

விஷயம் பூசையில்தான் தெரிந்தது. எனக்கும் எமரென்சியாவுக்கும் அன்று முதல் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கோயிலில் வாசிப்பார்கள், அதுதான் ஓலை. சாமியார் "பொனிப்பாஸ்" என்றார். அடுத்து "சில்வா" என்று சொல்ல வாயைத் திறந்தார். ஒரு காய்ந்த இலை வெளியே வந்து விழுந்தது. இன்னொரு முறை முயன்றார். இரண்டாவது இலை கொஞ்சம் பச்சையாக இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. தூத்துக்குடியில் எதற்கு வேண்டுமானாலும் சிரிப்பார்கள், ஓலைக்குச் சிரிக்க மாட்டார்கள்.

எமரென்சியா தையல்காரி. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். நாற்பத்து மூன்று வயதில் இப்படிப் பிடிக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அவள் கோபப்படவில்லை. கோயில் வாசலில் நின்று நிதானமாகச் சொன்னாள்.

"பதினோரு வருசத்துக்கு முந்தி எனக்கு ரெண்டு ஓலை வாசிச்சாங்க. மூணாவதுக்கு மாப்பிள்ளை இல்ல. கப்பலேறிட்டாரு. இந்தத் தடவையும் பாதியில நின்னா, அதோட சரி. உங்க மேல கோவம் இல்ல. ஆனா அதோட சரி."

நான் அலுவலகத்துக்கு ஓடினேன். உபதேசியார் கஸ்பார் பீரோவைக் குடைந்துகொண்டிருந்தார். பர்னாந்துகள் கட்டுக்கட்டாக இருந்தன. ரொட்ரிகோ மூன்று அடுக்கு. சில்வா தட்டில் கொஞ்சம் சருகு மட்டும் கிடந்தது. மற்ற சில்வாக்கள் பத்திரமாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்.

"ஒம்மது மட்டும் வந்த எடத்துக்கே திரும்பிட்டு வே. போய்த்தான் கூட்டிட்டு வரணும்."

போவதற்கு ஒரு படிவம் இருந்தது. நான் இருக்கிறேன் என்பதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். அதில் ஒருவர் என்னைப் பார்த்தே இராதவராக இருக்க வேண்டும். தெருவில் போன ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுத் தந்தார். நல்ல மனிதர்.

பீரோவுக்குப் பின்னால் ஒரு நடைக்கூடம். பத்தடிக்கு நூறு வருடம் என்று சுவரில் எழுதியிருந்தது. பொரிச்ச பரோட்டா ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு நடந்தேன். நடக்க நடக்கக் கூடம் நீண்டது. இருநூறடிக்குக் கொஞ்சம் முன்னால் தரை ஈரமண்ணாக மாறியது. கூரைக்குப் பதில் கிளைகள் இருந்தன. ஒரு மரத்தடியில் வெள்ளைத் துணி சுற்றிய குமாஸ்தா மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் லத்தீனில் பேசினார். பரோட்டாவில் பாதி கொடுத்ததும் புரிய ஆரம்பித்தது.

"சில்வா வேண்டும்," என்றேன்.

"எவ்வளவு வேண்டும்?"

"ஒன்று போதும். குடும்பப்பெயர்."

"இங்கே அது பெயர் இல்லை. காடு."

கையால் சுற்றிக் காட்டினார். உண்மைதான், காடுதான். பின்னால் வந்தவர்கள் செய்த வேலை என்று அலுத்துக்கொண்டார். காட்டோரம் குடியிருந்தவர்களை எல்லாம் ஜனங்கள் காட்டின் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்களாம். போர்த்துக்கல்லில் அப்படிக் கூப்பிடப்பட்ட ஒருவனின் வம்சத்தில் ஒரு மாலுமி பிறந்தானாம். அவன் கப்பலேறி எங்கள் கடற்கரையில் இறங்கி ஞானத்தகப்பனாக நின்றானாம். அங்கே ஞானஸ்நானம் வாங்கியவர்களுக்குத் தன் பெயரைக் கொடுத்தானாம். குமாஸ்தா ஏட்டைப் புரட்டினார்.

"உம் வம்சத்து ஆள் பெயரை வாங்கவே இல்லை. இத்தனை தலைமுறையும் வாங்காத பெயரை வைத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். கடற்கரையில் போய்க் கேளும்."

திரும்பி நடந்தேன். பீரோவுக்கு இன்னும் ஐம்பதடி இருக்கையில் ஒரு கதவிடுக்கில் உப்புக்காற்று வந்தது. திறந்தால் எங்கள் கடற்கரை. துறைமுகம் இல்லை, மற்றபடி எங்களுடையதுதான். மணலில் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை. முன்னால் ஒரு பீப்பாய் மேல் அந்த மாலுமி உட்கார்ந்திருந்தான். மற்ற ஞானத்தகப்பன்மார் சாப்பிடப் போயிருந்தார்கள். அதனால் அன்று வந்தவர்கள் எல்லோரும் சில்வா.

தலை நனைந்த ஒருவர் வெறுங்குடத்தோடு வரிசையிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தார். அவருக்கு என் காதுகள் இருந்தன. பெயர் சடையன் என்றார். முத்துக்குளிப்பவர். பயங்கரக் கோபத்தில் இருந்தார்.

"தண்ணி ஊத்துதாங்கன்னு சொன்னாங்க, வந்து நின்னேன். கொடத்த நீட்டுனா தலையில ஊத்துதான்."

"பேரு குடுப்பாங்களே அய்யா?"

"பேர வச்சு உலை வைக்கவா? வீட்டுல பொட்டுத் தண்ணி இல்ல லே."

நான் எமரென்சியாவைப் பற்றி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தனக்குத் தண்ணீர் வரட்டும், மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்று போய்விட்டார்.

அவர் இடத்தில் நான் நின்றேன். வரிசை என்னைக் கடைசிக்கு அனுப்பியது. ஆறு நாள் நின்றேன். கஷ்டம் என்று சொல்ல மாட்டேன். காற்று நன்றாக இருந்தது. எனக்கு முன்னால் நின்றவர் புதன்கிழமை சங்காகிவிட்டார். அவரை எடுத்து எடுத்து முன்னால் வைத்துக்கொண்டே நகர்ந்தேன். அவரும் மறுப்புச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலுமி முன்னால் போய் நின்றேன். ஒரே பெயரைச் சொல்லிச் சொல்லி அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"இது எனக்கும் யாரோ கொடுத்ததுதான்," என்றான். பிறகு பெயரை என் கையில் வைத்தான். ஈரமாக இருந்தது, இலை வாசனை அடித்தது. பரோட்டா காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் இரண்டாம் ஓலை. "பொனிப்பாஸ் சில்வா" என்று சாமியார் தெளிவாக வாசித்தார். இலை எதுவும் விழவில்லை. கோயிலில் இருந்த அத்தனை சில்வாக்களும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள். "எமரென்சியா மோத்தா" என்றார். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்றார்.

பின்னால் ஒரு கை உயர்ந்தது. சடையன். அவருக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டிக் கடற்கரை வரை போயிற்று. எல்லோர் இடுப்பிலும் குடம்.

"எனக்கு இன்னும் தண்ணி வரல," என்றார்.

சாமியார் என்னைப் பார்த்தார். நான் எமரென்சியாவைப் பார்த்தேன். அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. பதினோரு வருடமும் அவள் விரல்களில் இருந்தது.

அவள் எழுந்தாள். நடுவழியே நடந்து போய்ச் சடையனின் கையிலிருந்து குடத்தை வாங்கினாள். கோயில் முற்றத்தில் ஒரு குழாய் உண்டு. எப்போதும் நூல் போலத்தான் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சாமியார் வாசித்த வரியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

குடம் நிறைந்தது. சடையன் குனிந்து பார்த்தார். ஒரு கை அள்ளிக் குடித்தார். "தடை இல்ல," என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

வரிசையில் அடுத்தவர் குடத்தை நீட்டினார். அவருக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். எமரென்சியா வரிசையை ஒரு முறை கடல் வரை பார்த்தாள்.

"மூணாவது ஓலைக்குள்ள முடிச்சிரலாம்," என்றாள்.

நான் போய் அடுத்த குடத்தை வாங்கிக்கொண்டேன்.