அளவு ரவிக்கை

புது ரவிக்கையை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்ற வேம்புவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இன்னொருத்தி உள்ளே புகுந்து குடித்தனம் நடத்தலாம், அவ்வளவு தொளதொளப்பு. வெள்ளிக்கிழமை மகள் நீரஜாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்கென்று தைத்த பட்டு ரவிக்கை இது.

"என்ன ஜைதூன் பீ இது? நோக்குக் கண் இல்லையா?"

பின்கட்டில் துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்த தையல்காரி பதறினாள். "என்னியத் திட்டாதம்மா. ஐயா குடுத்தனுப்புன அளவு ரவிக்கையப் பாத்துத்தான் தச்சேன். அம்மா எளைச்சுப் பூட்டாங்களே, இது பழைய அளவாச்சேன்னு கேட்டேன். அதையே தைன்னுட்டாரு."

மயிலாப்பூரில் கௌரவமான வீட்டுப் பெண்கள் அளவு கொடுக்கிறேன் என்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதில்லை. பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றை அனுப்பினால் அதுதான் அளவு. வேம்புவிடம் இருந்ததெல்லாம் மூன்று வருஷத்துக்கு முந்திய வேம்புவுக்குப் பொருந்தியவை.

அந்த வேம்புவை யாராவது சும்மா விட்டார்களா? கோவிலுக்குப் போனால்கூட அவள் கணவர் சந்திரமௌலி இருபது அடி முன்னால் நடப்பார், பின்னால் வருகிறவள் யாரோ என்கிற மாதிரி. பிறகுதான் சர்க்கரை வியாதி என்றார் டாக்டர். அரிசியை விட்டாள். கோதுமைக் கஞ்சியை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். விடிந்ததும் விடியாததுமாக மந்தைவெளி வரை நடந்தாள். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, இரண்டு வருஷத்தில் பாதி ஆளானாள். ஒருத்தராவது சபாஷ் என்றார்களா? "ஏன்டி, உடம்புக்கு என்ன?" என்று உச்சுக்கொட்டினார்கள்.

கூடத்திலிருந்து சந்திரமௌலி எட்டிப் பார்த்தார். "கத்தாதே. எலும்பும் தோலுமா வந்து நின்னா அம்மாவுக்கு க்ஷயம்னு நினைச்சுப்பா. பொண்ணை யார் எடுப்பா? உள்ளே ஒரு பழம்புடவையைச் சுத்திண்டு இதைப் போட்டுக்கோ. ஒரு நாள்தானே?"

"குண்டா இருந்தப்போ இருபது அடி முன்னாலே ஓடினேள். இப்போ அந்தக் குண்டு வேம்புவே வேணுமா உங்களுக்கு?"

"சம்பந்தம் தட்டிப்போனா?"

"க்ஷயமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. டாக்டர் எழுதின சீட்டு உங்க அலமாரியிலேதான் இருக்கு. வெத்திலைத் தட்டோட அதையும் வையுங்கோ."

அவர் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். 

அவர் போனபின் கோபம் அவள் மேலேயே திரும்பியது. இரண்டு வருஷமாகப் பழைய ரவிக்கைகளில் ஊக்கு குத்திக்கொண்டு காலம் தள்ளியது யார்? புதிதாக ஒன்று தைத்துக்கொள்ள யார் தடுத்தார்கள்? கொழுப்பு கரைந்ததே தவிரத் தோல் போகவில்லை. மேல்கையில் காலிப் பையாகத் தொங்குகிறது. அதைப் பார்க்க அவளுக்கே அருவருப்பு. கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்தி, இருட்டில்தான் புடவை மாற்றுவாள். சமையலறை நிலையில் இன்னமும் ஒருக்களித்தே நுழைகிறாள். பழைய அளவை அவர் மட்டுமா பத்திரமாக வைத்திருந்தார்?

ஜைதூன் பீயின் மூட்டையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். பழைய அளவு ரவிக்கையை முதுகுப் பக்கம் இரண்டாக வெட்டினாள்.

"ஐயோ, நல்ல துணிம்மா!"

"போறது. கதவைச் சாத்து. டேப்பை எடு. இந்தப் பட்டைப் பிரிச்சு வெள்ளிக்கிழமைக்குள்ளே என் அளவுக்குத் தச்சுக் கொண்டா."

ஜன்னல் திறந்தே இருந்தது. வேம்பு கையைத் தூக்கினாள். ஜைதூன் பீ மேல்கையில் டேப்பைச் சுற்றிவிட்டுத் தயங்கினாள்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காத. தொங்குறத உட்டுட்டு எடுக்கட்டா, சேத்து எடுக்கட்டா?"

வேம்புவின் முகம் சுட்டது. கையை இறக்கவில்லை.

"சேத்தே எடு. அது என்ன, அடுத்தாத்து மாமியோடதா?"