இதை யார் உனக்குப் போட்டது?

சாவா ஆற்றின் மேல் ஆணை, எங்கள் தேவாலய மணியின் மேல் ஆணை, வாயில் மிச்சமிருக்கும் பற்களின் மேல் ஆணை: கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை.

ஷபாட்ஸ் ஊரில் டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு வந்தவன் ஷூவைக் கழற்றும் முன்பே பழைய தரையைப் பார்ப்பான். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, துக்கம் விசாரிக்கும் குரலில், “இதை யாரு உங்களுக்குப் போட்டது?” என்று கேட்பான். அவனைப் பெற்ற அப்பனே போட்ட தரையானாலும் கேட்பான். அதன் பிறகுதான் காப்பி வரும், பிளம் சாராயம் வரும், வேலைப் பேச்சு வரும். மேஸ்திரி ஒப்ரெனும் அந்தக் கேள்வியை ஊர் முழுக்கக் கேட்டவர்தான். தன் வீட்டில் அதை ஒருவன் கேட்பான் என்று மட்டும் அவர் நினைத்ததில்லை.

கேட்டவன் மிலிசாவ். அவனும் டைல்ஸ் மேஸ்திரி. ஒப்ரெனுக்கும் அவனுக்கும் ஆகாது.

அன்றைக்கு ஒப்ரெனின் குடும்பப் புனிதர் ஜார்ஜின் திருநாள். அந்த நாளில் யாரையும் அழைப்பதில்லை, வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. மிலிசாவும் மனைவி தெசாங்காவோடு வந்து உட்கார்ந்தான். ஆட்டுக்கறியில் பாதியைத் தின்றான். ஊறவைத்த மிளகாய் ஜாடிக்குள் கையை விட்டவன், வெளியே எடுக்க முடியாமல் விழித்தான். அவன் கை அவ்வளவு அகலம், மணிக்கட்டில் கோடாலியையே மாட்டிவிட்ட மாதிரி. தெசாங்காதான் ஜாடியில் எண்ணெய் விட்டு, தன் மெல்லிய விரல்களால் அவனை மீட்டாள். கையைக் கழுவப் போனவன், திரும்பி வரும்போது முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு வந்தான்.

“ஒப்ரென், தப்பா எடுத்துக்காதப்பா. உன் குளியலறைய யாரு உனக்குப் போட்டது?”

பாதிரியார் கரண்டியைக் கீழே வைத்தார். யார் போட்டது என்று ஊருக்கே தெரியும்.

“தரையோட வாட்டம் ஓட்டைப் பக்கம் இல்ல, கதவுப் பக்கம் இருக்கு. தண்ணி தேங்கி நிக்குது,” என்றான் மிலிசாவ். “ரெண்டு வாத்து வாங்கி விடு. உனக்கும் பொழுது போகும்.”

மேசையே அதிரச் சிரித்தார்கள். ஒப்ரெனின் மச்சான் சிரித்த சிரிப்பில் மெழுகுவர்த்தி அணையப் பார்த்தது. புனித நாளில் விருந்தாளியை அடிக்கக் கூடாது என்பதால், ஒப்ரென் அவனுக்கு இன்னொரு துண்டு கறி வைத்தார்.

அவன் பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருக்கலாம். எல்லோரும் போன பிறகு ஒப்ரென் முட்டி போட்டுப் பார்த்தார். கதவோரம் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் நின்றது. மறுநாள் காலையில் சாவா ஆற்றிலிருந்து இரண்டு காட்டு வாத்துகள் பறந்து வந்து அவர் முற்றத்தில் இறங்கின.

அதோடு பிழைப்பு போயிற்று. சந்தைக்குப் போனால் முட்டைக்காரி, “மேஸ்திரி, வாத்து முட்டை கொண்டாந்தீங்களா?” என்பாள். வேலைக்குக் கூப்பிட்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தொலைபேசியில் இருமிவிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். ஒப்ரென் பல்லைக் கடித்துக்கொண்டு கோடையைக் கழித்தார். அவர் முறைத்துப் பார்த்ததில் வாளியில் கரைத்த சிமென்ட் கரண்டி படும் முன்பே இறுகியது. அப்படி இறுகிய வாளிகள் கொல்லையில் ஒரு வரிசையே நின்றன.

குளிர்காலம் வந்தது. மிலிசாவ் வீட்டுப் புனிதர் நிக்கோலா. அவருடைய திருநாளும் வந்தது.

ஒப்ரென் சவரம் செய்துகொண்டு, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கோட்டுப் பையில் ஒரு நாணயம், ஒரு கோலிக்குண்டு, ஒரு நூல்கண்டு. அழைக்காத விருந்தாளி வாசலில் நின்றார்.

“திருநாள் வாழ்த்து, வீட்டுக்காரரே!”

மிலிசாவால் என்ன செய்ய முடியும்? “வாப்பா, உள்ள வா,” என்று பல்லைக் காட்டினான்.

ஒப்ரென் ஒரு மிடறு சாராயம் குடித்தார். “கை கழுவிட்டு வரேன்,” என்றார். மேசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உள்ளே போய்த் தாழ் போட்டதும் வேலையைத் தொடங்கினார். நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டினார். பின்பக்கம் முழுக்கப் பசை தடவாமல் நாலு மூலையில் மட்டும் அப்பி ஒட்டியிருந்தால் வெற்றுச் சத்தம் வரும். வரவில்லை. எல்லாம் கெட்டியாகப் பேசின. கோலிக்குண்டை எந்த மூலையில் விட்டாலும், கன்று தாயைத் தேடுவது போல அது தண்ணீர் போகும் ஓட்டைக்கு ஓடியது. நூலைப் பிடித்தார், இடுக்குகள் நூலைவிட நேராக இருந்தன. வெட்டுத் துண்டுகள் கண்ணில் படும் இடத்தில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் கதவுக்குப் பின்னால். சுவரும் தரையும் சேரும் மூலையில் சிமென்ட் பூசாமல், விரிசல் விடாதபடி ரப்பர் பசை அடைத்திருந்தது.

ஒப்ரெனுக்கு அழுகை வந்தது. இத்தனை மாத ஆத்திரத்தையும் சுமந்துகொண்டு வந்தவருக்கு இறக்கிவைக்க ஓர் இடுக்குக்கூட இல்லை.

கதவு தட்டப்பட்டது.

“மகனே, உயிரோட இருக்கியா?” பாதிரியாரின் குரல்.

“இருக்கேன் சாமி. தட்டிப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

“எதை?”

“எல்லாத்தையும்.”

“சீக்கிரம்பா. எனக்குப் பின்னாடி பீன்ஸ் சூப் குடிச்ச கூட்டமே நிக்குது.”

கடைசி முயற்சியாக ஒப்ரென் தரையில் படுத்து, கழிப்பறைக் கோப்பைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் டைல்ஸ் ஒட்டமாட்டார்கள். இங்கே ஒட்டியிருந்தது. குழாயைச் சுற்றி வட்டம் நாணயம் போல வெட்டியிருந்தது. தன் கையை அந்தச் சந்துக்குள் நீட்டினார். மணிக்கட்டோடு சிக்கியது.

ஒப்ரெனுக்கு மிளகாய் ஜாடியும் அதில் சிக்கிய மிலிசாவின் கையும் நினைவுக்கு வந்தன.

கதவைத் திறந்தபோது அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை போல இருந்தது. பாதிரியார் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். ஒப்ரென் மேசைக்கு வந்து உட்கார்ந்து, மீன் சூப்பை எடுத்து, ஒவ்வொரு கரண்டியாக ஊதி ஊதிக் குடித்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பி வந்து உட்காரும் வரை குடித்தார்.

மிலிசாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “என்ன மேஸ்திரி, சொல்லிடு. எங்க தண்ணி நிக்குது?”

“நிக்கல,” என்றார் ஒப்ரென். வாயைத் துடைத்துக்கொண்டார். “இப்படி ஒரு வேலைய நான் பார்த்ததே இல்ல. இதை யாரு உனக்குப் போட்டது?”

மிலிசாவ் மார்பை நிமிர்த்தினான். “யாரு? நான்தான்!”

“சந்தோஷம். அந்தத் திருநாள் ரொட்டி மேல கைய வச்சு, மெழுகுவர்த்தியப் பார்த்து, சாமிக்கு முன்னாடி இன்னொரு தடவை சொல்லு.”

மிலிசாவின் கை ரொட்டி வரை போனது. அங்கேயே நின்றது. வேர்த்தது. கெண்டை மீன் வறுவலோடு சமையலறையிலிருந்து வந்த தெசாங்கா தட்டை டொம்மென்று வைத்தாள்.

“நான் போட்டேன்.”

பாதிரியார் மெழுகுவர்த்தியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“என் தலை நரைச்சதே அந்த வெறும் சிமென்ட் தரையிலதான். நாளைக்குப் போடறேன், நாளைக்குப் போடறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. தினமும் சாயங்காலம் வந்து சாப்பாட்டுல கை வச்சதும் ஊரத் திட்டுவாரு. அந்தக் கழுதை பின்னாடி முழுசாப் பசை தடவல, இந்தக் கழுதை மூலையிலேர்ந்து ஆரம்பிச்சான், இன்னொருத்தன் வாட்டம் பார்க்கல, ரப்பர் வைக்க வேண்டிய எடத்துல சிமென்ட் வச்சான்னு. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். எல்லாக் கழுதையும் செய்யாததை நான் செஞ்சேன். வேற ஒண்ணும் இல்ல, சாமி.”

“உன் புருஷன் எதுவுமே செய்யலியா, மகளே?” என்றார் பாதிரியார்.

“செஞ்சாரே. முடிச்சதும் உள்ள வந்து பார்த்து, இதை யாரு உனக்குப் போட்டதுன்னு கேட்டாரு.”

ஒப்ரெனின் மச்சான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான். அவன் சிரிப்பில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. மிலிசாவ் மீன் முள்ளை ரொம்பக் கவனமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். ஒப்ரென் சிரிக்கவில்லை. சிரித்தால் ருசி போய்விடும். எழுந்து போய் மிலிசாவின் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார்.

“சாப்பிடு. எனக்கு ரெண்டு வாத்து இருக்கு, வேணும்னா சொல்லு. உனக்கும் பொழுது போகும்.”

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஊரே தெசாங்காவைத்தான் வேலைக்குக் கூப்பிட்டது. மிலிசாவ் அவளுக்குப் பின்னால் வாளி தூக்கிக்கொண்டு நடந்தான். “மேஸ்திரியம்மா, பசை கரைக்கட்டா?” என்று தெருவில் அவன் கேட்பதைப் பார்ப்பதற்காகவே ஒப்ரென் தினமும் ரொட்டி வாங்கச் சுற்று வழியாகப் போனார். வீட்டில் தின்ன ஆளில்லாமல் ரொட்டி குவிந்தது. வாத்துகள் கொழுத்தன.

இளவேனிலில் மறுபடியும் புனித ஜார்ஜ் வந்தார். அழைக்காமலே தெசாங்காவும் வந்தாள். ஆட்டுக்கறியை மரியாதைக்கு ஒரு வாய் தின்றாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அண்ணே, வாத்து நீந்தற அந்தக் குளியலறைய ஒரு தடவை பார்க்கணும். ஊரெல்லாம் பேசுது.”

ஒப்ரெனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பாதிரியார் முதலில் எழுந்தார். பின்னால் மச்சான், முட்டைக்காரி, வாளியோடு மிலிசாவ், மொத்த விருந்தும் குறுகலான நடைவழியில் வரிசை கட்டியது.

மறுநாளே ஒப்ரென் அந்தக் கதவைச் சுவர் வைத்து அடைத்தார். கேட்டால், தன் வீட்டில் குளியலறை என்ற ஒன்று கட்டப்படவே இல்லை என்பார். அந்தக் குடும்பம் இன்றும் பக்கத்து வீட்டில்தான் குளிக்கிறது.