பெரிய வியாழன் மன்னிப்பு

ஏலாக்குறிச்சிப் பக்கம் கொள்ளிடப் படுகையில் அருளப்பன் மண்டை உடைந்து செத்துக் கிடந்த நாளிலிருந்து சவேரியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் புருஷன் மிக்கேலும் அருளப்பனும் வாய்க்கால் தண்ணீருக்காக ஊரறியக் கட்டிப் புரண்டவர்கள். அது ஒன்று போதாதா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? போலீஸும் வந்து மிக்கேலை விசாரித்துவிட்டுப் போயிற்று. கொலை நடந்த ராத்திரி அவன் குளிர்க்காய்ச்சலில் முனகிக்கொண்டு வீட்டில்தான் கிடந்தான். அது அவளுக்கு மட்டுமே தெரியும் என்பதுதான் கொடுமை.

உலக யுத்த காலம்; பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய பஸ் ஏறி அரியலூருக்குப் போய், முத்துசாமி வக்கீலைப் பார்த்தாள். மனுஷர் கெட்டிக்காரர். கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பார்த்த ஆளு கிடையாது. ஆயுதமும் அகப்படல. சண்டை போட்டவனெல்லாம் கொலைகாரன்னா, ஜில்லாவுல பாதிப்பேரு ஜெயில்லதான் இருக்கணும். கேஸ் நிக்காதும்மா. ஆனா ஒண்ணு. ஒம் புருஷன் இதப்பத்தி ஒருத்தர்கிட்டயும் வாயத் தெறக்கக் கூடாது. போலீஸ் புடிச்சிட்டுப் போனா ஒடனே எனக்கு ஆள் அனுப்பு. நுணலும் தன் வாயால் கெடும்."

அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள். அந்த நிம்மதி பெரிய வியாழன் வரைக்கும் இருந்தது.

பாஸ்குத் திருநாளுக்குக் கோயிலில் சாமியார் கையால் நன்மை என்கிற நற்கருணை அப்பம் வாங்குமுன் பகையாளியிடம் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். அவன் செத்துப் போயிருந்தால் அவனைப் பெற்றவளிடம் கேட்க வேண்டும். அந்த ஊரில் பாட்டன் காலத்து வழக்கம் அது. மிக்கேல் தயங்கினான்.

"வக்கீலு பேசக் கூடாதுன்னாரே, புள்ள."

"அது போலீஸுக்குச் சொன்னதுங்க. இது சாமி காரியம். இந்த வருசம் நன்மை வாங்காம நின்னீங்கன்னா, இவந்தான் செஞ்சிருக்கான்னு ஊரு சொல்லாதா?"

அவள் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. பாவி மனுஷன் கிளம்பினான்.

கோயில் வாசலில், கூட்டத்துக்கு நடுவே, அருளப்பனின் தாய் சூசையம்மா முன்னால் மிக்கேல் முழங்கால் போட்டான். எல்லாரும் சொல்கிற வார்த்தையைத்தான் அவனும் சொன்னான். "ஒம் மவனுக்கு நான் செஞ்சதுக்கெல்லாம் என்னை மன்னிச்சிடு, பெரியம்மா."

மன்னிப்பவர்கள் கேட்பவனின் நெற்றியில் சிலுவை போட வேண்டும். சூசையம்மா கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். மிக்கேல் முழங்கால் போட்டபடியே காத்திருந்தான். செத்தவனின் தம்பி பாக்கியநாதன் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, திருமானூர்ப் பாதையில் வேகமாக நடந்தான். போலீஸ் ஸ்டேஷன் அந்தப் பக்கம்தான்.

மறுநாள் விடிந்ததும் மிக்கேலை விலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள். அவள் அரியலூருக்கு ஓடினாள். கோர்ட் விடுமுறை. வக்கீல் வீட்டில் இருந்தார். நடந்ததைக் கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது.

"கேட்டப்ப எத்தன பேரு இருந்தாங்க?"

தனியாகக் கேட்ட மன்னிப்பு அவர்கள் ஊரில் செல்லாது. அதனால் கொஞ்சம் தெம்பாகவே சொன்னாள். "ஊரே இருந்துச்சுங்க ஐயா. கோயில்ல செபம் சொல்லிக்குடுக்கிற உபதேசியார் பக்கத்துலயே நின்னாருங்க. இது எங்க வழக்கம்னு எல்லாரும் வந்து சொல்லுவாங்க."

"வழக்கம்னும் சொல்லுவாங்க. அவன் சொன்ன வார்த்தயையும் சொல்லுவாங்க. கொலைய ஒத்துக்கிட்டான்னு ஜட்ஜு எடுத்துக்கிட்டா, தூக்கும்மா."

சவேரியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். "நான்தாங்க போகச் சொன்னேன். அவரு வேணாம்னுதான் சொன்னாரு."

வக்கீல் கோபப்படவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. தணிந்த குரலில் கேட்டார். "அந்தக் கூட்டத்துல பொய் பேசற ஆளு யாராவது இருக்கானா? பகைக்கோ காசுக்கோ பேச்சு மாத்தறவன்? இருந்தா குறுக்கு விசாரணையில ஒடச்சிடலாம். நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஐயையோ, அப்படி யாரும் இல்லீங்க. வேதப் புத்தகத்து மேல கைய வச்சிட்டா, எங்க சனம் உயிரே போனாலும் பொய்..."

பாதியில் நின்றுவிட்டாள். வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். உபதேசியார், பக்கத்து வீட்டுக்காரி, கூடப் பிறந்த அண்ணன். அத்தனை பேரும் காதில் விழுந்ததை ஒரு வார்த்தை மாற்றாமல் கோர்ட்டில் சொல்லிவிடுகிற யோக்கியர்கள். ஒரு பொய்யன்கூட இல்லாமல் போனானே என்று அவள் வாய்விட்டு அழுதாள்.