கோழி துப்பிய புழு

வாரம் ஆறு நாள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த கடெனிக்குப் பகீரென்றது. விதைக்கென்று விட்டிருந்த மிரோக் கீரைப் பாத்தி முழுக்கப் புழு. கறுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டை, ஆரஞ்சுத் தலை. பச்சைக் காய்களைத் துளைத்துக்கொண்டிருந்தன. அடுத்த மழைக்கு விதைக்க இதை விட்டால் வேறு விதை கிடையாது.

கோழிகளைப் பிடித்துப் பாத்திக்குள் விட்டாள். சிவப்புப் பெட்டை ஒரு புழுவைக் கொத்திய வேகத்தில் துப்பியது. அலகை மண்ணில் இப்படியும் அப்படியும் தேய்த்தது. பிறகு எல்லாக் கோழிகளும் சாவகாசமாகக் கீரையைத் தின்ன ஆரம்பித்தன.

வேலிக்கு அந்தப் பக்கம் நாத்தனார் இமாலி சிரித்தாள். "நல்ல ஆளாப் பாத்துக் காவலுக்கு வெச்சீங்க அண்ணி! புழு விட்டதையும் உங்க கோழி முடிச்சிரும்."

"சிரிக்காம வந்து விரட்டுடி!"

விரட்டிய பிறகும் கடெனிக்கு மனசு கேட்கவில்லை. கோழி துப்புகிற புழுவும் உண்டா? புழுக்களின் தாயான, கரும்புள்ளி போட்ட ஆரஞ்சு அந்துப்பூச்சி ஒன்று இலைக்கடியில் இருந்தது. தொட்டாள். செத்ததுபோலக் கிடந்தது. தலைக்குப் பின்னால் மஞ்சள் நுரை பொங்கியது. விரலில் எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள்.

"சீ! அதையா நக்குறீங்க?"

"மிரோ வேகவெச்ச முதல் தண்ணிடி. அதே கசப்பு. நாம அதைக் கொட்டிட்டுத்தான் கீரையில பால் ஊத்திச் சமைக்கிறோம். இது கொட்டாம உடம்புல சேத்து வெச்சிருக்கு."

"அது சரி, இத்தனை வருஷம் வராதது இப்ப எதுக்கு வந்துச்சு?"

கடெனி வேலியைப் பார்த்தாள். காட்டுக் கிலுகிலுப்பைச் செடிகள் மண்டிக் கிடந்த இடம். போன மாதம்தான் வெட்டி எறிந்திருந்தாள்.

"அதுங்க சோறு அங்க இருந்துச்சு. மிரோவும் அந்தச் செடி ஜாதிதான், அதான் இங்க வந்துருச்சு. 'வேலியா இது, காடா'ன்னு கேட்டது யாரு?"

"நான் சொன்னதுல இது ஒண்ணைத்தான் கேட்டிருக்கீங்க!"

சாலையோரம் அதே செடி இன்னும் நின்றது. இரண்டு பேரும் இடுப்பு ஒடியப் புழுக்களைப் பொறுக்கிப் பழைய டின்னில் போட்டுக்கொண்டுபோய் அங்கே விட்டார்கள். விட்டதுமே மேய ஆரம்பித்தன.

மூன்றாம் ஞாயிறு, தோளில் இருந்த பையை இறக்காமலே கடெனி பாத்திக்குப் போனாள். பாதிக் காய்களில் ஓட்டை. மிச்சத்தைக் காதருகே ஆட்டினாள். உள்ளே விதைகள் கலகலத்தன. ஒரு பாத்திக்குத் தாராளமாகப் போதும்.

பச்சை மாறாத காய் ஒன்று மட்டும் சத்தம் போடவில்லை. பிரித்தாள். உள்ளே ஆரஞ்சுத் தலை.

"கோழிக்குப் போடுங்களேன்," என்றாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இமாலி.

"அதுக்கு உன்னைவிட விவரம் உண்டு," என்று சொல்லிவிட்டு, காயோடு சாலைப் பக்கம் நடந்தாள் கடெனி.